பூங்கா என்று எழுதிய பலகை

பொன்மகள் நகர்,
ஒரகடம்.
ஆவணி மாதம், செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் புருஷோத்தமனுக்கு உன் அம்மா சரோஜா எழுதுவது. முட்டிவலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, சாப்பாடு இறங்குகிறது, தூக்கமும் வருகிறது. நீயும் மருமகளும் அந்த மஸ்கட் வெயிலில் வாடாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் அம்மனிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். நல்ல சேதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் மகள் ஐஸ்வர்யா நர்சிங்கில் இந்த வருஷமும் வகுப்பிலேயே முதலாவது, ஹாஸ்டலில் இருந்து வந்தால் என் கையைப் பிடித்து பிரஷர் பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறாள். உன் தங்கை மகள் ரஞ்சனி கம்பெனி லைனில் நின்று நின்று கால் வீங்கினவள், இப்போது குவாலிட்டியில் போட்டு வெள்ளைக் கோட்டு கொடுத்திருக்கிறார்கள், அந்தக் கோட்டோடு நம் தெருவில் நடந்து வந்தாள், நான் வேண்டுமென்றே கடை வரைக்கும் கூட்டிக்கொண்டு போனேன். உன் மகன் லோகேஷ் கம்பெனியில் நிரந்தரமாகிவிட்டதும், நம் நகர் சங்கத்துக்குச் செயலாளர் ஆனதும், எதிரே சும்மா கிடந்த பேரூராட்சி இடத்துக்கு அலைந்து திரிந்து கம்பி வேலி போடவைத்ததும் உனக்குத் தெரியும். அன்றைக்கு கேட் சாவியைக் கையில் பிடித்து அவன் நின்ற படம் பேப்பரில் வந்தது. நான்தான் அதைக் கத்தரித்துச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினேன், தண்ணி கேன் போடுகிறவனுக்குக்கூடக் காட்டினேன். அஞ்சாவதோடு நின்றவள் வீட்டில் பேப்பரில் வந்த பிள்ளை என்று எனக்கு அவ்வளவு கர்வம். அந்தப் படம் இப்போது சுவரில் இல்லையப்பா. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் லோகேஷ் பக்கத்தில் நின்று போனைப் பிடித்தால்தான் எனக்கு உன் முகம் தெரிகிறது, அவனை வைத்துக்கொண்டு இதை எப்படிப் பேசுவேன்.

மாசியில் உன் அத்தை சுந்தராம்பாள் போய்ச் சேர்ந்தபோது, புகை மூச்சில் ஏறிவிட்டது என்று லோகேஷ் உன்னிடம் சொன்னான். அது பொய் இல்லை, ஆனால் முழுசும் இல்லை. உனக்குத்தான் தெரியுமே, அந்த இடத்தில் வருஷக்கணக்காக உன் அத்தையின் ஆடுகள்தான் மேய்ந்தன. புது அடுக்குமாடியில் குடி வந்தவர்கள் புழுக்கை, நாற்றம் என்று சங்கத்தில் புகார் சொன்னார்கள், பிள்ளைகளுக்கு விளையாட இடம் வேண்டும் என்றார்கள், அதிலும் நியாயம் இருந்தது. லோகேஷ்தான் முன்னால் நின்று வேலி போடவைத்து, வாசலில் நாலு பூச்செடி நட்டு, பூங்கா என்று பெரிதாகப் பலகை எழுதி, கீழே இங்குள்ள செடி கொடிகளைப் பறிக்கக் கூடாது என்றும் எழுதிவைத்தான். திறப்பு விழா அன்றைக்கு உன் அத்தை ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்து வேலிக்கு வெளியே நின்று, இன்னாடா லோகேசு, என் ஆட்டுக்கு ஷூ மாட்டிக்கினு வந்தா உள்ள வுடுவியா என்று கேட்டாள், ஊரே சிரித்தது, அவனும் சிரித்து, நீ வா ஆயா, உனக்கு பெஞ்சு போட்டுக்கீறேன், ஆட்டுக்குத்தான் இல்ல என்றான். கோபமெல்லாம் ஒன்றும் இல்லை. மேய்ச்சல் இல்லாமல் ஆடிக்குள் ஆடுகளையெல்லாம் விற்றுவிட்டாள், ஒரு கிழட்டு வெள்ளாட்டை மட்டும் யாரும் வாங்கவில்லை. வேலி ஓரமாக வாடகை ரூம்கள் வரிசையாக இருக்கின்றன அல்லவா, திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகள் தங்குவது, அந்த ஓரத்தில் எப்போதும் அவள்தான் அரிவாளால் புல் அறுப்பாள். தீயை நினைத்தா அறுத்தாள், ஆட்டுக்கு அறுத்தாள். பலகை வைத்த பிறகு அதையும் விட்டுவிட்டாள், பறிக்காதேன்னு எழுதிக்கீதே, எனக்கு எதுக்கு வம்பு என்றாள்.

ஐப்பசி கார்த்திகை மழையில் புல் இடுப்பு உயரம் வந்துவிட்டது, வேலிகாத்தான் முள் வேலியைத் தாண்டித் தலை நீட்டியது, நாலு பூச்செடியும் எங்கே போனதென்றே தெரியவில்லை. தை பிறந்ததும் காய ஆரம்பித்தது. லோகேஷ் சும்மா இருக்கவில்லை, ஷிப்டு முடிந்து யூனிபாரத்தோடு பேரூராட்சி ஆபீசுக்கு அலைந்தான். ஒரு நாள் புல் வெட்டும் ஆட்கள் மிஷினோடு வந்தே விட்டார்கள். மேஸ்திரி பலகையைப் படித்துவிட்டு நின்றுவிட்டான். காலி மனைன்னா வெட்டிப்புடலாம் தம்பி, நீங்க பூங்கான்னு எழுதிக்கினு கீறீங்க, பூங்காவுக்கு வேற காண்டிராக்ட்டு, அதுல நான் கை வெச்சா நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க என்று மிஷினைத் திரும்ப வண்டியில் ஏற்றிவிட்டான். அந்த வேறு காண்டிராக்ட் யாரிடம் என்று ஆபீசில் யாருக்கும் தெரியவில்லை. வாசலில் நின்ற உன் அத்தை, ஆடு தின்னா பார்க்கு கெட்டுப்பூடும், பாம்பு வூடு கட்டினா கெடாதா என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளோடு நானே வெட்டிவிடுகிறேன் ஆயா என்று லோகேஷ் என்னிடம் சொன்னான். அந்த ஞாயிறு கம்பெனியில் ஓ.டி. என்று கூடுதல் வேலை போட்டுவிட்டார்கள், அடுத்த ஞாயிறும் போட்டார்கள்.

அப்புறம் ஒரு மத்தியானம் பற்றிக்கொண்டது. பீடியோ குப்பையோ, யார் கண்டது. காற்று வேறு, படபடவென்று வெடித்துக்கொண்டு தீ ரூம்கள் பக்கமாக ஓடியது. தண்ணீரோடும் தீயை அடிக்கத் தழையோடும் உள்ளே போகலாம் என்றால் கேட்டில் பூட்டு, சாவி லோகேஷின் ஐடி கார்டு கயிற்றில், அவனோ லைனில் நிற்கிறான், போனைக் கம்பெனி வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். கடைசி ரூமில் கொம்பையா என்ற பிள்ளை ராத்திரி ஷிப்டு பார்த்துவிட்டு கதவைச் சாத்தித் தூங்கிக்கொண்டிருந்தான். எல்லோரும் தூரத்தில் நின்று கத்தினோமே தவிர அவனுக்குக் கேட்கவில்லை. உன் அத்தைதான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ரூமுக்கும் வேலிக்கும் நடுவே இருக்கும் சந்தில் ஓடினாள். அவள் அறுத்துக்கொண்டிருந்தவரை அங்கே புல்லே இருக்காது, இப்போது வேலிக் கம்பிக்குள் நுழைந்து சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றது. கதவை உடைக்கிற மாதிரி தட்டி அவனை எழுப்பினாள், எழுப்பினவள் அங்கேயே விழுந்துவிட்டாள். அந்தப் பிள்ளைதான் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். உடம்பில் தீக்காயம் கொஞ்சம்தான், நெஞ்சுக்குள் போனதுதான் அவளை எழுந்திருக்கவிடவில்லை.

இதுவரைக்கும் ஊருக்குத் தெரியும். இனிச் சொல்வது எனக்கும் லோகேஷுக்கும் மட்டும் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் அவன் ஓடி வந்து அவள் காலைப் பிடித்தான், கழுத்தில் சாவி அப்படியே தொங்குகிறது. அவள் ஆக்ஸிஜனை விலக்கிவிட்டு, உன் பார்க்கு இப்போ நல்லா சுத்தமா ஆயிடிச்சி பாரு கண்ணு என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரிப்பு இருமலாகிவிட்டது, நர்சு வந்து எங்களை வெளியே அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் யாரோடும் பேசவில்லை. அந்த வார்த்தையை அவன் சாபம் என்று எடுத்துக்கொண்டான் புருஷோத்தமா. ஆயா என்னை மன்னிக்காமலே போய்ட்டாங்க என்று ஒரே ஒரு தடவை சொன்னான். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், நீ சமாதானத்துக்குச் சொல்றே என்கிறான். எனக்கு அவள் நாத்தனார், எனக்கும் அவளுக்கும் ஆயிரம் இருக்கும். நீ அவள் இடுப்பில் வளர்ந்தவன், அவள் வாய் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். உன் அப்பா சாவுக்கு வந்தபோதுகூட, அண்ணே, வெத்தலைக் கடை பாக்கியை யார் தலையில கட்டிட்டு போறே என்று கேட்டுக்கொண்டே அழுதவள் அவள். யாரிடம் பாசமோ அவர்களைத்தான் சீண்டுவாள், பிடிக்காதவர்களிடம் வாங்க போங்க என்று மரியாதையாகப் பேசுவாள். உன்னை எவ்வளவு சீண்டியிருப்பாள். அதையெல்லாம் நீ அவனுக்குச் சொல்ல வேண்டும். வேலி போட்டதற்குத் திட்டாதே, ஆறுதலும் சொல்லாதே, அத்தை உன்னை எப்படிக் கேலி செய்வாள் என்று மட்டும் சொல்.

இப்போது பலகையை எடுத்துவிட்டார்கள், கேட்டில் பூட்டும் கிடையாது, ஆபீசிலிருந்து ஆட்கள் வந்து வெட்டிவிட்டுப் போகிறார்கள், எங்கே போனதோ அந்த வேறு காண்டிராக்ட். இந்த மழைக்குக் கரிக்கு மேலேயே புல் பச்சையாக முளைத்திருக்கிறது. ரூம் ஓரத்தை மட்டும் லோகேஷ் ஆட்களை வெட்ட விடுவதில்லை. லீவு நாளில் அத்தையின் அரிவாளை எடுத்துக்கொண்டு போய்த் தானே அறுக்கிறான், கை பழகாமல் விரலை வெட்டிக்கொள்கிறான். கொம்பையா கூடமாட நின்று வாருகிறான். அறுத்ததை அந்தக் கிழட்டு ஆட்டுக்குப் போடுகிறான், அது பாதியைத் தின்றுவிட்டு மீதியை மிதிக்கிறது. சங்கத்தை விட்டுவிட்டான். கல்யாணப் பேச்சு எடுத்தால் எழுந்து போய்விடுகிறான். சாப்பிடுகிறான், ஆனால் என்ன குழம்பு என்று கேட்டால் தெரியாது.

கருமாதி அன்றைக்கு அவனே பேப்பர் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி பீரோ மேல் கவிழ்த்து வைத்துவிட்டான். படையல் போட அத்தை படம் தேடினோம், எங்கள் யாரிடமும் ஒன்றுகூட இல்லை, விளக்கை மட்டும் வைத்துத்தான் கும்பிட்டோம். போன வாரம் தூசி தட்டும்போது அந்தச் சட்டத்தை எடுத்துக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். இத்தனை நாள் பிள்ளை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் நான் கவனிக்கவே இல்லை, மூலையில் உன் அத்தை இருக்கிறாள், ஆடுகளோடு, கம்பிக்கு அந்தப் பக்கம், வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டு.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் போகாதே, மருமகளைக் கேட்டதாகச் சொல். நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி அண்டாமல் நூறு வருஷம் நிறைவாக இருக்க வேண்டும், நான் கண் மூடுவதற்குள் என் பேரன் வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். ஒன்றை மறக்காதே. போன லீவுக்கு வந்தபோது அத்தையை ஆட்டோடு நிற்கவைத்து உன் போனில் படம் பிடித்தாயே, அதைக் கடையில் பெரிதாகப் போட்டு, மடங்காமல் அட்டை வைத்துத் தபாலில் அனுப்பு. போனில் அனுப்பிவிடாதே, அவன் தனியாக இருக்கும்போது திடீரென்று அவள் முகத்தைப் பார்க்க வேண்டாம், நான் பக்கத்தில் இருந்து காட்டுகிறேன். சட்டம் இருக்கிறது, ஆணியும் சுவரில் அப்படியே இருக்கிறது. எனக்கு அவள் கம்பி இல்லாமல் நிற்கிற படம் வேண்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா
நா. சரோஜா