சங்கரி குனிந்த காட்சி

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
9.2.2025

அன்புள்ள மச்சான் லோகேஷுக்கு,

நானும் காவேரியும் சுகம். போன் போட்டால் உன் உதவியாளன் எடுத்து, "சார் டிஸ்கஷன்ல இருக்கார்" என்கிறான். தங்கச்சி புருஷனுக்கே இந்தக் கதி என்றால் மற்றவன் பாடு எப்படியோ. கவரையாவது நீயே பிரிப்பாய் என்று எழுதுகிறேன்.

காவேரிக்கு ஏழு வயது ஆகிறது, இன்னும் காது குத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பெண் பிள்ளைகளும் கம்மல் போட்டிருக்க, இவள் மட்டும் மூளிக் காதோடு போகிறாள். 'விடியாத தெரு' முடியட்டும் என்றாய். படம் முடிந்து ஓகோவென்று ஓடியது. அப்புறம் காய்ச்சலில் உன் தங்கச்சி சங்கரியே போய்விட்டாள். தாய்மாமன் மடி இருக்க, குழந்தையை நான் வேறு யார் மடியில் உட்கார வைப்பேன்? ஒரு வெள்ளிக்கிழமை சொல்.

இன்னொன்று. உன் பேட்டியைப் பார்த்தேன். இரண்டாம் பாகத்தில் "ஜனங்க மறக்காத அந்த முகமும் திரும்ப வரும்" என்றாயே, அது சங்கரியா? செத்தவர்களையும் கம்ப்யூட்டரில் நடக்க வைக்கலாமாம், எதிர்வீட்டுப் பூவராகவன் சொல்கிறார். வேண்டாம் மச்சான். அம்மா போனபோது காவேரிக்கு இரண்டு வயது. கல்யாண வீடியோவில் சங்கரி குனிந்த தலை நிமிரவில்லை. போனில் எடுத்ததெல்லாம் போனோடு போயிற்று. உன் முதல் படத்தில் அவள் ஜாம்பியாக வரும் அந்த ஒரு காட்சிதான் குழந்தைக்கு அம்மா. சோறு ஊட்டும்போதெல்லாம் அதைத்தான் போடச் சொல்வாள். வாயில் ரத்தம் வழிந்தால் என்ன, அது பீட்ரூட் சாறு என்று அவளுக்குத் தெரியும். அதன் மேல் எதையும் கொண்டுவந்து வைக்காதே.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் மாப்பிள்ளை
குமாரவேல்


சாலிகிராமம்,
சென்னை.
20.2.2025

என் ஆருயிர் மாப்பிள்ளைக்கு,

உன் லெட்டரை ஆபீசில் எல்லாரும் அதிசயமாகப் பார்த்தார்கள். நான் பேனா பிடித்தே வருஷக் கணக்காகிறது, கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

நாம் சேர்ந்து எழுதிய முதல் படத்தை நம் தெருவில், நம் சொந்தக்காரர்களை வைத்தே எடுத்தோம். ஜாம்பிகளில் பாதிப் பேர் நம் சித்தப்பா, பெரியப்பா. அதே கணக்கு இப்போது எடுபடாது. ஜாம்பி நடந்து வந்தால் யாரும் பயப்படுவதில்லை, ஓடி வர வேண்டும். ஒரு தெரு போதாது, ஊரே எரிய வேண்டும். தயாரிப்பாளர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, "அந்தக் குனிஞ்சு போற பொண்ணு இருக்காங்களா?" என்பதுதான். அவள் இல்லை என்று நான் எந்த வாயால் சொல்வேன்?

உனக்குப் பெண்டாட்டி என்றால் எனக்குக் கூடப் பிறந்தவள். அவளைக் காட்ட எனக்கு உரிமை இல்லையா? மரியாதையாகத்தான் காட்டுவேன், நம்பு. படம் வெளியான மறு வெள்ளிக்கிழமை காது குத்து. சீர் வரிசையோடு வந்து இறங்குகிறேன். என் செல்லத்துக்கு முத்தம்.

அன்புடன்,
லோகேஷ்


பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
6.7.2025

மச்சான்,

நீ சொன்ன வெள்ளிக்கிழமையும் போயிற்று. சரி, படத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

பூவராகவனும் நானும் போனோம். குறை கண்டுபிடிக்கப் போகவில்லை. பாலத்தின் மேலிருந்து ஜாம்பிகள் கொத்துக் கொத்தாகக் கொட்டியபோது நானும் சீட்டின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் வெளியே வந்து டீ குடிப்பதற்குள் பயம் போய்விட்டது. முதல் படம் வந்தபோது, விடிகிற நேரத்தில் வாசல் கதவைத் திறக்க நம் தெருவே பயந்துகொண்டு கிடந்ததே, ஞாபகம் இருக்கிறதா?

அதில் வந்த பிணங்கள் நம் ஆட்கள். உன் சித்தப்பா செத்த பிறகும் நேரே போய்த் தறிக் குழியில் காலை விட்டு உட்கார்ந்தார். அவரை வெட்டுவதா, "வாங்க" என்று கூப்பிடுவதா என்று உயிரோடு இருப்பவனுக்குத் தெரியவில்லை. அந்தப் பயம்தான் வீடு வரை கூட வந்தது. இரண்டாம் பாகத்தில் ஓடுகிறார்களே, அவர்கள் யார் பெற்ற பிள்ளைகள்? சுடுவதற்கென்றே செத்த மாதிரி இருக்கிறார்கள்.

சங்கரிக்கு வருகிறேன். முதல் படத்தில் அவள் காட்சியை எடுத்த அன்றைக்குத் தெரு நீளத்துக்குக் கஞ்சி தோய்த்த பாவு இழைகளை இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டியிருந்தோம். நாளைக்குத் தறியில் ஏற வேண்டிய நூல். அவள் எதிர்வீட்டிலிருந்து நேராக நடந்து வர வேண்டும், பாவு அறுந்தாலும் பரவாயில்லை என்று நீ சொல்லியிருந்தாய். வந்தாள். பாவுக்கு முன்னால் நின்றாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். இழையில் தலைமுடிகூடப் படாமல் அடியில் குனிந்து புகுந்து, இந்தப் பக்கம் நிமிர்ந்த பிறகுதான் கடிக்க வந்தாள். நீ "கட்" சொல்லவே மறந்துவிட்டாய். "ஏம்மா குனிஞ்ச?" என்று கேட்டாய். "செத்துட்டா மட்டும் பாவ அறுத்துக்கினு வருவாங்களாண்ணா?" என்றாள். படம் அந்த இடத்தில்தான் நின்றது. அதை நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை.

இப்போது அவள் முகம், யாருடைய உடம்போ. தலைதெறிக்க ஓடி வருகிறாள், பாவைக் கிழித்துக்கொண்டு பாய்கிறாள். பட்டு இழை காற்றில் மெதுவாகப் பறக்கிறது. கதாநாயகன் அவள் நெற்றியில் சுடுகிறான். தியேட்டர் முழுக்க விசில். என் பக்கத்து சீட்டுக்காரனும் அடித்தான், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நீ இந்தத் தெருவில் பிறந்தவன். பாவுக்கு அடியில் குனிந்து குனிந்தே பள்ளிக்கூடம் போனவன். உனக்குமா தெரியாது?

அந்தத் துண்டு இப்போது எல்லார் போனிலும் சுற்றுகிறது. பள்ளிக்கூட வேனில் யாரோ காவேரிக்குக் காட்டியிருக்கிறார்கள். பழைய காட்சியைப் போட்டால் இப்போது கண்ணைப் பொத்திக்கொள்கிறாள். "நிறுத்துப்பா, அம்மா ஓடி வருவாங்க" என்கிறாள். சங்கரி குனியும் வரைக்கும்கூடப் பார்க்க மாட்டேன் என்கிறாள்.

குழந்தைக்கு இருந்தது ஒரே ஒரு அம்மா. அவளையும் பிடுங்கிக்கொண்டாய். பாவி, எப்படி மனசு வந்தது உனக்கு?

குமாரவேல்


சாலிகிராமம்,
சென்னை.
19.7.2025

மாப்பிள்ளை,

எழுதி எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். எடிட்டிங் அறையில் அவள் முகம் முதலில் வந்தபோது எல்லாரையும் வெளியே போகச் சொன்னேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "அண்ணா" என்று கூப்பிட்டுவிடுவாள் போல இருந்தது. அதைப் பார்க்கத்தான் இவ்வளவும் செய்தேன் என்றால் நம்புவாயா? சுடுகிற காட்சி மற்றவர்கள் கேட்டது. கூட்டத்தோடு வேலை செய்தால் எல்லாம் நம் கையில் இருக்காது, உனக்கு அது புரியாது.

நல்ல செய்தி ஒன்று. மூன்றாம் பாகம் உறுதியாகிவிட்டது. நீ கேட்ட மாதிரியே நம் தெருவில், மெதுவாக நடக்கிற ஜாம்பிகள். செத்த அம்மாவைத் தேடி அலையும் ஒரு சின்னப் பெண்தான் கதை. யோசித்துப் பார், காவேரியை விட்டால் யார்? அப்படியே சங்கரி ஜாடை. கம்ப்யூட்டரே வேண்டாம். காது குத்துக்குக் கேமராவோடு வருகிறேன். மடியில் உட்கார வைத்து அப்போதே ஒரு டெஸ்ட் எடுத்துவிடலாம். அம்மாவைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்று எழுதியிருந்தாய். அது நல்லதுதான், சொல்லிக் கொடுக்காமலே முகத்தில் வந்துவிடும்.

ஆவணியில் நாள் பார். இந்தத் தடவை கட்டாயம் வருவேன்.

அன்புடன்,
லோகேஷ்


பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
31.8.2025

திரு. லோகேஷ் அவர்களுக்கு,

வணக்கம். காவேரிக்கு வெள்ளிக்கிழமை காலையில் குமரகோட்டம் முருகன் கோயிலில் காது குத்தியாயிற்று. பூவராகவன் மடியில் உட்கார்ந்தாள். "தாய்மாமன் இருக்கச்சொல்ல நான் எப்படிப்பா?" என்று அவர் தயங்கினார். "மாமா வாணாம். வந்தா அம்மாவ மறுபடியும் ஓட வெப்பாரு" என்று சொல்லிக் குழந்தையே ஏறி உட்கார்ந்துவிட்டாள். மாமன் சீர் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும்தான் படம் பார்த்திருக்கிறார்களே.

மூன்றாம் பாகத்தில் காவேரி வர மாட்டாள். இந்த வீட்டுக்கு நீங்களும் வர வேண்டாம்.

திரும்பி வந்தபோது தெருவில் பாவு கட்டியிருந்தார்கள். எங்கள் வீடு அந்தப் பக்கம். காவேரிக்குப் புதுப் பட்டுப்பாவாடை, காதில் ரத்தம் காயவில்லை, விசும்பலும் அடங்கவில்லை. தூக்கிக்கொள்ளலாம் என்று கை நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, பாவாடையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, இழையில் முடி படாமல் குனிந்து போனாள். அந்தப் பக்கம் நிமிர்ந்து நின்று, வருகிறேனா என்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அதைப் பார்க்க உங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை. கூட வந்தவர்களில் யாரோ படம் எடுக்கப் போனைத் தூக்கினார்கள். உள்ளே வைக்கச் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
கு. குமாரவேல்
காவேரியின் அப்பா