இருவாட்சி கொடுத்த பதில்

பகாவ், 1944

அன்புள்ள ஞானப்பூவுக்கு,

மாதா காவலில் நான் சுகம். உன் இருமல் குறைந்ததா?

காடு வெட்டிக் குடியேறிய இந்த இடத்தின் பறவைகளைப் பற்றி எழுதிவருகிறேன் அல்லவா? நேற்று ஒரு ஜப்பானியச் சிப்பாய் அந்தத் தாள்களைப் பிடுங்கி, உளவு எழுதுகிறேன் என்று முழங்காலிட வைத்தான். எங்களை மேய்க்கும் மண்டோர் சூசை, அவை வெறும் பறவைக் குறிப்புகள் என்று மலாய் மொழியில் எவ்வளவோ கெஞ்சினார். பிறகு என்னிடம், "பறவ மாதிரி கத்திக் காட்டச் சொல்றான் லா, சீக்கிரம்!" என்றார்.

இருவாட்சியைப் போலக் கத்தினேன். மேலே மரத்திலிருந்து ஒன்று பதில் கொடுத்தது! சிப்பாய் சிரித்துவிட்டான். தாள்களை எரித்துவிட்டு என்னை விட்டுவிட்டான்.

பயப்படாதே. மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரையும் ஒரு பென்சிலும், இதைக் கொண்டுவரும் லாரிக்கார அந்தோணியிடம் கொடுத்தனுப்பு. குடும்பங்களையும் இங்கே குடியேற அழைக்கிறார்கள். யார் கேட்டாலும் உன் பெயரையும் நம் மகள் திரேசா பெயரையும் கொடுத்துவிடாதே. அந்தோணி ஹார்ன் அடிக்கிறார்.

உன் சவரிமுத்து