பலத்துக்கும் பேச்சுக்கும் ஒரே பகடை

என் செல்ல அண்ணா,

அங்கே நன்றாகத் தூங்குகிறாயா? எனக்குத் தூக்கமே சரியில்லை. ஃபேக்டரியில் நின்று நின்று கால் வீங்குகிறது. வீட்டுக்கு வந்தால் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு மேல் உன் ஞாயிற்றுக்கிழமை ஆட்டமும் என் தலையில் விழுந்துவிட்டது.

நீ போன பிறகு முதல் தடவையாகப் போன ஞாயிறு கூடினோம். தேவராஜ மொஹல்லாவில் அதே மாடி அறை, அதே பாய். ஆளுக்கொரு கதாபாத்திரம், நடுவில் பகடை, கதையை நடத்த மட்டும் நீ இல்லை. "நீயே நடத்து கலா, இல்லாட்டி இன்னியோட மூட்டை கட்டிடலாம்" என்றாள் சுமதி. மூட்டை கட்ட எனக்கு மனசு வரவில்லை. உன்னுடையது என்று மிச்சமிருப்பது இந்த ஆட்டம் ஒன்றுதானே? உன் இடத்தில் உட்கார்ந்தேன்.

ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே தகராறு. நம் மஞ்சுப் பயலின் மல்லன் கோட்டைக் கதவை உதைத்துத் திறக்கப் போனான். சத்தம் கேட்டால் உள்ளே இருக்கும் கைதியைக் காவலர்கள் கொன்றுவிடுவார்கள் என்று சுமதியின் குறிசொல்லி தடுத்தாள். பலமும் பலமும் மோதினால் புத்தகத்தில் விதி இருக்கிறது. பலத்தைப் பேச்சு தடுத்தால் என்ன செய்வது?

"என் பலம் பதினெட்டு. இவ வாயால என் காலை நிறுத்துவாளா?" என்று குதித்தான் மஞ்சு.

"வாயுள்ள புள்ள பொழைக்கும்டா" என்றாள் சுமதி.

"அப்ப நீங்களே ஆடிக்கோங்க. ஹோகலி பிடு, போகட்டும் விடு" என்று செருப்பைத் தேடினான். அவன் படியிறங்கினால் ஆட்டம் அத்தோடு முடிந்தது. உன் காரியத்துக்கே வாசலில் நின்றுவிட்டுப் போனவன், இதற்கா திரும்பி வருவான்?

உன் வழக்கத்தைச் சொன்னேன். அவரவர் எண்ணுக்கு அவரவர் மூன்று பகடையையும் சேர்த்து உருட்ட வேண்டும். தன் எண்ணுக்குக் கீழே யார் அதிகம் இறங்குகிறாரோ அவருக்கு ஜெயம். எப்படித் தோற்றோம் என்பதைத் தோற்றவரே சொல்ல வேண்டும், வேறு யாரும் சொல்லக் கூடாது.

மஞ்சுவுக்குப் பதினேழு விழுந்தது, ஒன்றுதான் இறக்கம். சுமதியின் பேச்சு பதினாலு, விழுந்தது ஆறு.

சண்டை போடுவான் என்று நினைத்தேன். பாயைச் சுரண்டிக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான்: "மல்லன் காலைத் தூக்கிட்டான். அப்ப இவ 'நில்லுடா'ன்னா. அவனை அப்படி அதட்ட ஒரே ஒருத்தர்தான் இருந்தாரு. அவர் போனப்புறம் யாரும் அதட்டல. அதான், நின்னுட்டான்."

சொல்லிவிட்டு ஓவென்று அழுதான், அண்ணா. சுமதியும் அழுதாள். நான் பகடைகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டேன். அடுத்த வாரம் யார் வடை வாங்கி வருவது என்று பேசிக்கொண்டே இறங்கினார்கள். ஆட்டம் பிழைத்துவிட்டது.

எனக்குத்தான் அசதி தீரவில்லை. அந்த விதிப் புத்தகத்தை நீ நகலெடுத்த ஜெராக்ஸ் கடைக்காரர் நேற்று மார்க்கெட்டில் கூப்பிட்டார். "என்னம்மா, அண்ணனைக் காணோம்?" என்றார். "ஹனூருக்குப் போயிருக்கான், சித்தப்பா வீட்டுக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். தையல்காரருக்கும் அதே பதில்தான். எத்தனை நாளைக்கு உன்னை ஹனூரிலேயே வைத்திருப்பேன்?

மஞ்சுவைச் சொல்ல வைத்தவள் நான். தோற்றவரே சொல்ல வேண்டும் என்ற விதி எனக்கும்தானே? நாளைக்கு வேலை விட்டதும் அந்த ஜெராக்ஸ் கடைக்குப் போகிறேன். "எங்க அண்ணன் செத்துப் போயிட்டான்" என்று என் வாயாலேயே சொல்கிறேன். உன்மேல் சத்தியம்.

தோற்றுப்போன உன் தங்கை,
கலா