துடுப்பைத் தொடாதவன்

உஸ்கென்
பிப்ரவரி 23

ஜாசுரின் அப்பாவுக்கு,

ஸனோபர் எழுதுகிறேன். இங்கே நாங்கள் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொள்கிறேன். போனில் ஆரம்பித்தால் நமக்குள் சண்டையில்தான் முடிகிறது. பாதிப் பேச்சில் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாதல்லவா? அதனால்தான் லாரிக்கார நுஸ்ரத்திடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே கம்பளிக் காலுறையும் உலர்ந்த ஆப்ரிகாட்டும் இருக்கின்றன. உங்கள் அறைக்காரர்களுக்கு அள்ளிக் கொடுத்துவிடுவீர்கள் என்று தெரிந்துதான் கூடுதலாக வைத்திருக்கிறேன்.

பசு கன்று போட்டிருக்கிறது. கூரையில் பனி இன்னும் இறங்கவில்லை. தையல் வேலை கைகொள்ளாமல் வருகிறது, பண்டிகை நெருங்குகிறதே.

இனி நம் பிள்ளை விஷயம். ரஷ்யாவில் உங்களோடு கட்டட வேலை செய்ய சமாராவுக்கு வரமாட்டேன், சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தரப் படிக்கப் போகிறேன் என்று அவன் சொன்ன நாளிலிருந்து நீங்கள் அவன் போனை எடுப்பதில்லை. அவனும் விடுவதாக இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் கூப்பிடுகிறான். மணி அடித்து அடித்து ஓய்கிறது. "அப்பா வேலையில இருப்பாரு" என்று எனக்குச் சமாதானம் சொல்லிவிட்டுப் பையில் போட்டுக்கொள்கிறான். அந்த முகத்தை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும்.

கல்லூரியில் நவ்ரூஸ் புத்தாண்டு விழா வருகிறது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி என்று பெயர்தான் பெரிது, மொத்தமே இரண்டு மாடி. சமையல்காரர் கிடையாது. பிள்ளைகளேதான் ஊருக்கெல்லாம் ஆக்கிப் போடுகிறார்கள். இந்த ஆண்டு சாப்பாட்டுப் பொறுப்பு முழுவதற்கும் நம் ஜாசுரைத் தலைவனாக்கியிருக்கிறார்கள். புலாவும் அவன் பொறுப்பு, முளைக் கோதுமையை நாளெல்லாம் கிண்டி எடுக்கும் சுமலக்கும் அவன் பொறுப்பு.

சுமலக் துடுப்பைத் தொடுகிறவர் மனதில் யாரோடும் மனத்தாங்கல் இருக்கக் கூடாது என்பது நாம் அறிந்ததுதான். நம் தெருவில் அதைப் பேருக்குச் சொல்லிவிட்டுத் துடுப்பை எடுத்துக்கொள்வோம். உங்கள் தங்கையோடு பேச்சுவார்த்தை இல்லாத வருஷத்தில்கூட அவளுக்கு எதிரே நின்று நான் கிண்டியிருக்கிறேன். இந்தப் பிள்ளைகள் அப்படியில்லை. யாரோடு சண்டையோ அவரிடம் போய்ப் பேசி முடித்துவிட்டு வந்தால்தான் துடுப்பு என்று தங்களுக்குள் பேசி வைத்திருக்கிறார்கள். அந்த விதியைக் கொண்டுவந்தவனே உங்கள் மகன்தான். இப்போது அவனே மாட்டிக்கொண்டான். "அப்பா ஒரு வார்த்தை பேசட்டும்மா, அப்புறம் தொடுறேன்" என்கிறான்.

மார்ச் 20 அன்று அடுப்பு மூட்டுகிறார்கள். ஒரு வார்த்தைதானே கேட்கிறான்.

உங்கள்
ஸனோபர்


சமாரா
மார்ச் 2

ஜாசுரின் அம்மாவுக்கு,

கடிதம் வந்தது. காலுறை கச்சிதம். ஆப்ரிகாட் வந்த அன்றே காலி. முதுகுவலி தேவலை, அதைப் பற்றிக் கேட்காதே.

ஆண்பிள்ளைகள் விறகு பிளப்பார்கள், பெண்கள் சுமலக் கிண்டுவார்கள். நானறிந்து அப்படித்தான். என் மகன் தலைவனாகிவிட்டான் என்று பெருமையாக எழுதுகிறாயே, எதற்குத் தலைவன்? ஒரு பானைக்கு. இதை இங்கே யாரிடம் சொல்வது?

மேஸ்திரி அவனுக்காக ஓர் இடத்தை ஏப்ரல் வரை பிடித்து வைத்திருக்கிறார். என் பக்கத்துக் கட்டில் கரீமின் மகன் வந்து சேர்ந்து, சுவர் எடுக்கும் அளவுக்குத் தேறிவிட்டான். கரீம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறான். நான் கூப்பிட்டேன், என் மகன் வரவில்லை. வராதவனோடு போனில் என்ன பேச்சு?

துடுப்பைத் தொட என் அனுமதி தேவையில்லை என்று அவனிடம் சொல்லிவிடு.

எர்கஷ்


உஸ்கென்
மார்ச் 10

ஜாசுரின் அப்பாவுக்கு,

நீங்கள் எழுதியதை அவனிடம் சொல்லவில்லை. "அப்பா என்ன எழுதியிருக்காரு?" என்று கேட்டான். காலுறை கச்சிதமாம் என்றேன். அதற்கே சிரித்த முகமாகப் போனான். உங்களுக்கு மூக்கு நுனியில் கோபம், அவனுக்கு மலையளவு பொறுமை. யாரைக் கொண்டு பிறந்தானோ தெரியவில்லை, என்னைக் கொண்டும் இல்லை.

இங்கே ஒரு கூத்து நடந்தது. குளிர் விடாததால் கோதுமை மெதுவாகத்தான் முளைக்கும் என்று பிள்ளைகள் முன்னதாகவே நனைத்துத் தட்டுகளில் பரப்பி வைத்திருந்தார்கள். கமோல் என்று ஒரு பையன், நல்ல பிள்ளை, அவசரக்குடுக்கை. வெயில் பட்டால் சீக்கிரம் முளைக்குமே என்று எல்லாத் தட்டுகளையும் ஆசிரியர் அறை ஜன்னலில் வரிசையாக அடுக்கிவிட்டான். முளை சீக்கிரம்தான் வந்தது, ஆனால் பச்சை கட்டிக்கொண்டு வந்தது. வெள்ளை முளையில்தானே இனிப்பு? பச்சையைப் போட்டால் பானை முழுக்கக் கசந்துபோகும். ஒரு பெண் அழுதேவிட்டாள். கடையில் மாவும் சர்க்கரையும் வாங்கிக் கருக்கிக் கிண்டிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று கமோலே யோசனை சொன்னானாம்.

ஜாசுர் அவனைத் திட்டவில்லை. பச்சை முளையை எல்லாம் மூட்டை கட்டி நம் பசுவுக்குக் கொண்டுவந்து போட்டான். புதிதாகக் கோதுமை நனைத்து, ஆளுக்கொரு தட்டு வீட்டுக்கு எடுத்துப் போய் வெளிச்சம் படாமல் வளர்ப்பது என்று ஏற்பாடு செய்துவிட்டான். நம் கட்டிலுக்கு அடியிலும் தட்டுகள் இருக்கின்றன. உங்கள் பழைய கோட்டை எடுத்து மூடியிருக்கிறான். அப்பா கோட்டை ஏன்டா எடுத்தாய் என்று கேட்டதற்கு, அதுதான் தடிமனாக இருக்கிறதாம். நான் எழுவதற்கு முன்பே எழுந்து தண்ணீர் தெளித்துவிட்டுப் போகிறான்.

தெருப் பையன்கள் சும்மா விடுவார்களா? நேற்று வாசலில் நின்று, "மருமகளே, சுமலக் ஆச்சா?" என்று ராகம் போட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவன் குனிந்து ஷூ மாட்டிக்கொண்டே, "ஆனதும் மாமியாரைக் கூட்டிட்டு வாங்கடா, முதல் கிண்ணம் அவங்களுக்குத்தான்" என்றான். அவர்களே சிரித்துவிட்டார்கள். அதில் இருவர் இப்போது விறகு சுமக்க வருகிறார்கள்.

இந்தப் பிள்ளைகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு வியப்பாக இருக்கிறது. தில்பர் என்ற பெண் சிற்றன்னையோடு முகம் கொடுத்துப் பேசாதவள். ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு போய் என்ன பேசினாளோ, திரும்பி வரும்போது சிற்றன்னையையும் கையோடு அழைத்து வந்துவிட்டாள். புலாவுக்குக் கேரட் பொறுப்பு அந்த அம்மாளுக்குத்தான். கமோல், தன் தலைமுடியைப் பாழாக்கிய முடிதிருத்துபவரிடம் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறான், தப்பு அவருடையதாக இருந்தும். எல்லோரும் முடித்துவிட்டார்கள். மிச்சம் ஜாசுர் ஒருவன்தான்.

மனசில் கோபம் இல்லாவிட்டால் தொடலாமே என்று அவன் தோழர்கள் சொல்லிப் பார்த்தார்கள். "எனக்கு இல்லடா. அவருக்கு இருக்கே" என்றான். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

இருபதாம் தேதி. மறந்துவிடாதீர்கள்.

ஸனோபர்


சமாரா
மார்ச் 15

ஜாசுரின் அம்மாவுக்கு,

இதை அவனிடம் காட்டாதே.

நான் கோபத்தில் எடுக்காமல் இருப்பதாக நீ நினைக்கிறாய். முதலில் கோபம்தான். வெள்ளிக்கிழமை மணி அடிக்கும்போது போன் என் கையில்தான் இருக்கும். அவன் பெயரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். இத்தனை மாதம் எடுக்காமல் இருந்துவிட்டு இப்போது எடுத்து என்ன சொல்வது? அவன் படிக்கிறவன், அவனிடம் வார்த்தை இருக்கும். எனக்கு வாயில் ஒன்றும் வராது. ஓய்ந்த பிறகு, அப்பாடா என்றும் இருக்கும், சீ என்றும் இருக்கும்.

இன்னொன்றும் சொல்கிறேன். சாயங்காலம் கரீமின் மகன் அவனுக்குத் தேநீர் போட்டுக் கொடுக்கிறான். அப்பனும் பிள்ளையும் கட்டிலில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் குடிப்பார்கள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன். அதற்காகத்தான் நம் பிள்ளையைக் கூப்பிட்டேன், ஸனோபர். சுவர் எடுக்க இங்கே ஆளில்லாமலா கிடக்கிறது?

பச்சை முளையைப் பசுவுக்குப் போட்டது சரி. அளவாகப் போடச் சொல், வயிறு ஊதிவிடும்.

எர்கஷ்


உஸ்கென்
மார்ச் 22

ஜாசுரின் அப்பாவுக்கு,

நவ்ரூஸ் வாழ்த்துகள். நுஸ்ரத்தின் தம்பி உங்கள் கடிதத்தை இருபதாம் தேதி காலையில்தான் கொண்டுவந்தான். படித்துவிட்டு மடியில் செருகிக்கொண்டேன், அவனிடம் காட்டவில்லை. போனில் நீங்கள் பேசியது உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கம் என்ன நடந்தது என்பது தெரியாதே. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இருட்டினால் பெண்கள் விடுதிக் கதவைப் பூட்டிவிடுவார்கள். மற்ற இடங்களைப் போல இரவெல்லாம் கிண்ட முடியாது. அதனால் விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டிவிட்டார்கள். அடிப்பிடிக்காமல் இருக்கக் கழுவிய கூழாங்கற்களைப் போட்டு, முளைப்பாலும் மாவும் எண்ணெயும் ஊற்றி, இரண்டிரண்டு பேராகத் துடுப்புப் பிடித்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். உங்கள் மீது எனக்கிருந்த கோபத்துக்கு நான் எப்படித் தொடுவேன்? தில்பரின் சிற்றன்னையோடு கேரட் நறுக்க உட்கார்ந்துவிட்டேன்.

நம் பிள்ளை துடுப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தொட்டான். விறகு பிளந்தான். புலாவுக்கு நம்மூர்ச் சிவப்பரிசியை அவனே களைந்தான். யார் கை கொப்பளித்திருக்கிறது, யார் காலையில் சாப்பிடவில்லை என்று பார்த்துப் பார்த்து மாற்றிவிட்டான். வாசற்காவலருக்கு முதல் தட்டு போனது. பிரின்சிபால் பேச வந்தபோது தலைவனைக் காணவில்லை, பின்பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தான். பெற்றவள் நான் சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன், எனக்குக் கண் நிறைந்துபோனது.

சாயங்காலத்துக்குள் சுமலக் பதம் வந்துவிட்டது. துடுப்பை நட்டால் நின்றது. தீயை இழுத்துவிட்டு மூடி போட வேண்டியதுதான். தில்பர் விறகுக் குவியல் பக்கம் திரும்பி ஜாசுரைப் பார்த்தாள். பிறகு ஒரு குடம் வெந்நீரைத் தூக்கிப் பானையில் ஊற்றினாள். "இன்னும் பதம் வரல" என்றாள். எனக்குப் பதம் தெரியாதா? வாயைத் திறக்கப் போனேன், சிற்றன்னை என் தொடையில் கிள்ளினாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி இறுகியது. கமோல் ஒரு குடம் ஊற்றினான். அப்புறம் இன்னொரு பெண். கை ஓய்ந்து போயிருந்தார்கள் எல்லோரும். ஒருவரும் துடுப்பை விடவில்லை, ஒருவரும் ஜாசுரிடம் எதுவும் சொல்லவும் இல்லை.

விடுதிக் காப்பாளர் ஹூரி அக்கா கதவைப் பூட்ட வந்தார். பொல்லாத மனுஷி, சாவிக்கொத்தை ஆட்டினாலே பிள்ளைகள் ஓடும். பானையை எட்டிப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், விறகு பிளக்கிறவனைப் பார்த்தார். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, சாவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "பதம் வரலன்னா என்ன செய்யறது, கிண்டுங்க" என்றார்.

அப்போதுதான் நீங்கள் கூப்பிட்டீர்கள்.

கோடரியைக் கீழே வைத்துவிட்டுப் போனை வெளியே எடுத்துப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். எடுடா பாவி என்று எனக்கு உயிரே போய்விட்டது. எடுத்தான். உங்கள் பேச்சு எனக்குக் கேட்கவில்லை, அவன் சொன்னதுதான் கேட்டது. "ஆமாப்பா... ஆப்ரிகாட் கட்டைதான்பா... இல்லப்பா, ஈரம் இல்ல, நல்லா எரியுது." அதற்குப் பிறகு போனைக் காதில் வைத்தபடியே காலால் விறகுச் சிராய்களைக் கூட்டிக்கொண்டிருந்தான். "சரிப்பா" என்றான். விறகைப் பற்றியா பேசினீர்கள், மனுஷரே? ஆனால் அது போதுமாக இருந்தது அவனுக்கு.

கல்லூரி முழுவதும் மூச்சுக்காட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் திரும்பியதும் ஆளாளுக்குத் தலையைக் குனிந்து ஒன்றும் அறியாதவர்களாகக் கிண்டினார்கள். அவன் கை கால் கழுவிக்கொண்டு வந்தான். கமோல் நகர்ந்து இடம்விட்டான். தில்பர் போதும் என்று சொல்லும்வரை கிண்டினான். கண்ணீர் வழிந்தது. புகை என்றான், புகை அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

அவன் முடித்த பிறகு நானும் துடுப்பை வாங்கி ஒரு சுற்றுக் கிண்டினேன். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் மூடி திறந்து, துஆ ஓதி, ஊருக்கெல்லாம் கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்தார்கள். ஒரு ஜாடி உங்களுக்கு அனுப்புகிறேன்.

உங்கள்
ஸனோபர்


சமாரா
மார்ச் 29

ஜாசுரின் அம்மாவுக்கு,

ஜாடி உடையாமல் வந்து சேர்ந்தது. அறையில் எல்லோருக்கும் கொடுத்தேன். யார் கிண்டியது என்று கேட்டார்கள். என் மகன் என்றேன். ஒருவன் சிரித்தான். ஆசிரியராகப் போகிறான், கல்லூரிக்கே இவன்தான் ஆக்கிப் போட்டான் என்றேன். சிரித்தவன் இன்னொரு கரண்டி கேட்டான்.

கரீம் ருசி பார்த்துவிட்டு, இனிப்பு நன்றாக இருக்கிறது, ஆனால் தண்ணீர் அதிகம், பதம் தெரியாத பிள்ளைகள் போல என்றான். உன் கடிதத்தை அதற்கு முன்பே படித்துவிட்டிருந்தேன். இருபதாம் தேதி மத்தியானம் முழுக்கச் சாரத்தின் மீது நின்று அவன் எண்ணை அழுத்துவதும் மணி அடிப்பதற்குள் நிறுத்துவதுமாக இருந்தேன். அங்கே அந்தப் பிள்ளைகள் குடம் குடமாக ஊற்றிக்கொண்டு கை ஓய நின்றிருக்கிறார்கள். ஜாடியில் மிச்சமிருந்ததை நானே வழித்துச் சாப்பிட்டேன்.

மேஸ்திரியிடம் போய் அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். பையனுக்குப் படிப்பு இருக்கிறது என்றேன். சொல்லும்போது வெட்கமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், இல்லை.

தில்பர், கமோல், இன்னும் யார் யாரோ, எல்லோரிடமும் ஜாசுரின் அப்பா சலாம் சொன்னதாகச் சொல். அந்தக் காப்பாளர் அம்மாளிடமும் சொல்.

நாளை வெள்ளிக்கிழமை. அவன் கூப்பிட வேண்டாம், நான் கூப்பிடுகிறேன். என்ன பேசுவது என்று இன்னும் தெரியவில்லை. அவன் எடுத்தால் போதும்.

உன்
எர்கஷ்