இரண்டு தட்டு குறைகிறது

மார்ச் 3

அன்புள்ள வாலுவுக்கு,

நாங்கள் நலம், அப்பாவின் முழங்கால் நீங்கலாக. நீல விளிம்பும் நடுவில் கையால் வரைந்த மீனுமாக அந்தப் பழைய பீங்கான் சாப்பாட்டுத் தட்டு பத்து சேர்த்துவிட்டேன். செட் முழுசாக இன்னும் இரண்டு வேண்டும். அதைச் செய்த பட்டறையை மூடி எத்தனையோ வருடமாகிறது. அவர்கள் சரக்கில் பாதி கப்பலேறி உன் ஊர்ப்பக்கம்தான் வந்ததாம், பழைய சாமான் சந்தையில் தேடு.

வாங்குமுன் விரல் முட்டியால் தட்டிப் பார். கணீரென்றால் நல்ல தட்டு. டொக்கென்றால் உள்ளே விரிசல், கடைக்காரர் எவ்வளவு தேனொழுகப் பேசினாலும் வாங்காதே. தபாலில் அனுப்பினால் உடையும். கையோடு கொண்டு வா. உனக்கு லீவு எப்போது?

அம்மா


மே 19

அன்பு அம்மாவுக்கு,

முதல் தட்டை அவசரத்தில் தட்டாமலே வாங்கினேன். கழுவும்போது கையில் இரண்டாக வந்தது. திட்டாதே, அதற்கப்புறம் நான் ஏமாறவில்லை. நல்லதாக இரண்டு கிடைத்துவிட்டது. இப்போது புதுச் சரக்கு வந்தால் கடைக்கார அக்காவே என்னைக் கூப்பிட்டுத் தட்டச் சொல்கிறாள். வாரமெல்லாம் லேபில் பீங்கான் பல் செய்கிறேன், ஞாயிறு வந்தால் பீங்கான் தட்டு. லீவுதான் கிடைக்கவில்லை.

உன் வாலு


ஜூன் 11

வாலு,

இரண்டும் கிடைத்தாயிற்றே, அப்புறம் அங்கே என்ன வேலை? சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். தட்டு ஒரு சாக்கு. நீ வரவேண்டும், வந்து இங்கேயே இருக்கவேண்டும். இங்கேயும் ஜனங்களுக்குப் பல் விழத்தான் செய்கிறது.

அம்மா


ஆகஸ்ட் 2

அம்மா,

நான் திரும்பி வரப்போவதில்லை. லேப் வேலையை விட்டுவிட்டேன். அந்தச் சந்தைக் கடைக்கார அக்கா என்னைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டாள். நன்றாக யோசித்துத்தான் செய்தேன், பயமில்லை. உன் தட்டுகளைத் தோழி ஒருத்தி கையோடு கொண்டுவருகிறாள். கோபமிருந்தால் பத்துப் பக்கம் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

வாலு


செப்டம்பர் 20

அன்புள்ள முதலாளியம்மாவுக்கு,

தட்டுகள் வந்தன. இரண்டையும் தட்டிப் பார்த்தேன், குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டாயே என்று அப்பா சிரித்தார். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

நீ போன நாளிலிருந்து உன் அறையைக் கூட்டிப் பெருக்கி, படுக்கை விரித்து வைத்திருந்தேன். யாரையும் அதில் தங்கவிட்டதில்லை. நேற்று ஆள் கூப்பிட்டுக் கட்டிலைக் கழற்றச் சொன்னேன். அது வாசலைத் தாண்டும்போது அழுதேன். நான் மறைத்தாலும் அப்பா உன்னிடம் சொல்லிவிடுவார்.

அந்த அறையில் சுவர் முழுக்கத் தட்டு அடுக்க அலமாரி வருகிறது. பன்னிரண்டு தட்டும் ஒரு சுவருக்குத்தான் காணும். மீதிச் சுவர்களுக்கு உன் கடையிலிருந்து நல்லதாகப் பார்த்து அனுப்பு. பெற்றவள் என்று விலையைக் குறைக்காதே.

நீ வரும்போது ஹாலில் படுத்துக்கொள்.

அம்மா