துண்டால் கட்டிய கை

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுத ஆசைதான். இடப்பக்க மார்பில் ஒரு கட்டி. ஊசியால் துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டுமாம். மாட்டேன் என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

உன் ஆய்வுக்கூடத்தைப் பற்றி நீதானே எழுதுவாய்? செல்லுக்குள் ஆக்டின் என்று மெல்லிய இழைகள், அவற்றை நீட்டவும் வெட்டவும் சில புரதங்கள், அந்த இழைகளையே காலாக்கிப் புற்றுச் செல் ஊர்ந்து போகிறது என்று. சும்மா கிடப்பதை ஏன் குத்தி எழுப்ப வேண்டும்? கை அசைந்தால் அதுவும் ஊரத் தொடங்கிவிடுமோ என்று இடக்கையைத் துண்டால் உடம்போடு கட்டிவைத்திருக்கிறேன். கடையில் ஒற்றைக் கையால் இஸ்திரி போடுகிறேன். "என்னம்மா, சுளுக்கா?" என்பவர்களிடம் ஆமாம் என்கிறேன். என் வீட்டுக்காரரிடமும் அதே சுளுக்குதான். இருமல் வந்தால்கூட அடக்கிக்கொள்கிறேன். பயமாக இருக்கிறது, அக்கா.

உன்
குட்டி

மார்ச் 9

என் குட்டிக்கு,

முதலில் அந்தத் துண்டை அவிழ்த்துப் போடு. பக்கத்தில் இருந்தால் உன் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்திருப்பேன்.

நீ கையை அசைப்பதால் செல்லுக்குக் கால் முளைக்காது. ஒரு புரதம் பழைய இழையை வெட்டும், இன்னொன்று புது இழையைக் கிளைக்க வைக்கும். புற்றுச் செல்லில் அந்தக் கட்டுப்பாடு உள்ளேயே கெட்டுப்போகிறது. நீ இஸ்திரி போடுவதும் இருமுவதும் அதற்குத் தெரியாது. ஊசி குத்தினால் பரவிவிடும் என்றும் பயப்படாதே. நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அதற்கு நேரம்தான் கிடைக்கும்.

நேற்று நுண்ணோக்கியில் ஒரு புற்றுச் செல் முன்பக்கத்தை நீட்டி, சதைக்குப் பதிலாக நாங்கள் வைக்கும் ஜெல்லுக்குள் நுழைந்தது. வழக்கமாகச் "சபாஷ்" என்பேன். நேற்று எழுந்து வெளியே போய்விட்டேன். எனக்கும் பயம்தான், குட்டி. உன் வீட்டுக்காரரிடம் சொல். உடனே போ. இங்கே என் ஆய்வு அறிக்கையை முடித்துக்கொடுத்துவிட்டு மாதக் கடைசியில் வருகிறேன்.

முத்தங்களுடன்
அக்கா

மார்ச் 20

அக்கா,

போனேன். "இதுக்கா துண்டு கட்டிக்கிட்டுத் திரிஞ்சே?" என்று என் வீட்டுக்காரர் கத்தினார். பிறகு ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதார். நான்தான் முதுகைத் தடவிக்கொடுத்தேன், இரண்டு கையாலும்.

முடிவு வந்துவிட்டது. புற்றுதான். அக்குளில் ஒரு நெறிக்கட்டி வரைக்கும் போயிருக்கிறது. "அதுக்கு மேல போகலைம்மா, ஸ்கேன்ல பார்த்துட்டோம். திங்கட்கிழமையே மருந்தை ஆரம்பிச்சிடலாம்" என்றார் டாக்டரம்மா. நல்லபடியாகத்தான் சொல்கிறார். எனக்குத்தான் பயம் விடவில்லை. குளிக்கும்போது அக்குளில் கை பட்டாலே சட்டென்று எடுத்துவிடுகிறேன்.

இதைப் படித்ததும் நீ பேனாவை எடுப்பாய், எந்தப் புரதம் என்ன செய்தது என்று விளக்க. வேண்டாம். மாதக் கடைசிவரை தனியாகப் பயப்பட என்னால் முடியாது.

இதற்குப் பதில் எழுதாதே, அக்கா. வா.

குட்டி