சிவப்பும் வெள்ளையும் மாறிய ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ரத்தினம் மச்சானுக்கு,

ரேடியோவில் யாரோடு பேசினாலும் நாம் முதலில் சொல்வது, அவர் சத்தம் நம்மிடம் எப்படி வந்து சேர்கிறது என்பதைத்தான். பேச்சு எவ்வளவு தெளிவு என்பதற்கு ஐந்துக்கு ஓர் எண், எவ்வளவு பலம் என்பதற்கு ஒன்பதுக்கு ஓர் எண். இதற்குப் பெயர்தான் ரிப்போர்ட். அதைச் சொல்லாமல் சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்க மாட்டோம். இந்தக் கடிதத்தில் மட்டும் அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், மச்சான். உங்களுக்குப் பொறுமை உண்டு. எனக்குத்தான் அது கிடையாது என்று உங்கள் தங்கை கமலா கல்யாணமான மறுவாரத்திலிருந்து சொல்லி வருகிறாள்.

முதலில் வீட்டுச் செய்தி. பிரிக்ஃபீல்ட்ஸில் நீங்கள் வாடகைக்கு இருந்த வீட்டு வரிசையை இடிக்கப் போகிறார்கள். அந்தப் பக்கம் பெரிய ரயில் நிலையம் வருகிறதாம். உங்கள் வீட்டம்மா, எங்கள் பூரணி அக்கா, கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்புக்கு அடுத்த தெருவுக்கே வந்துவிடுகிறார். கமலாவுக்கு ரொம்பச் சந்தோஷம். எனக்கும்தான், ஆனால் அக்காவின் முகத்தை நேராகப் பார்க்க எனக்கு இத்தனை மாதம் ஆகிவிட்டது.

போன வாரம் உங்கள் ஏரியலைக் கழற்ற நான்தான் கூரை ஏறினேன். கூரைக்கும் பின்பக்கத்து மாமரத்துக்கும் நடுவே நீங்கள் கட்டிய அந்தக் கம்பி. நம் ரேடியோ கிளப்பின் காதர் பாய் ஜவுளிக்கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். அவிழ்க்க முடியாமல் அரை மணி நேரம் திண்டாடினேன். இப்படி ஒரு முடிச்சா போடுவது? எந்தக் காற்றுக்குப் பயந்தீர்கள்?

கம்பி என்றதும் பழைய கதை ஒன்று ஞாபகம் வருகிறது. எழுபதுகளில், தங்கைக்கு வரன் பார்க்க நீங்கள் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். வாசலில் செருப்பைக் கழற்றாமல் என் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

"இது துணி காயப்போடுற கம்பி இல்லையே? எத்தன மீட்டரு?" என்று கேட்டீர்கள்.

அப்புறம் இரண்டு மணி நேரம் என் அறையில்தான் இருந்தீர்கள். சம்பளம் என்ன, குடிப்பானா, கடன் உண்டா, ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய், "நல்ல பையன்மா, சாலிடரிங் சுத்தமா இருக்கு" என்று உங்கள் அம்மாவிடம் சொன்னீர்களாம். கல்யாண வாழ்க்கையில் எனக்குக் கோபம் வரும்போதெல்லாம் கமலா இதைத்தான் சொல்லிக் காட்டுகிறாள். சாலிடரிங்கைப் பார்த்துப் பெண் கொடுத்த குடும்பம் இந்த நாட்டில் வேறு எங்காவது இருக்குமா?

தொலைபேசி இலாகாவில் நீங்கள் டெக்னீஷியன், துறைமுகத்தில் நான் கிளார்க். ஞாயிற்றுக்கிழமை வந்தால் இரண்டு பேரும் ஒன்று. டவுன் இரைச்சல் ரேடியோவில் கலக்கிறது என்று கார் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு ஜெஞ்சாரோம் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குள் போனோமே, நினைவிருக்கிறதா? குலை திருட வந்தவர்கள் என்று நினைத்து அந்த ஜாவாக்காரக் காவல்காரர் பாராங் கத்தியோடு வந்து நின்றார். நீங்கள் ஹெட்ஃபோனைக் கழற்றி அவர் காதில் மாட்டி, அவர் ஊர்ப் பேச்சு வரும் இடத்துக்கு முள்ளைத் திருப்பினீர்கள். அவர் பாராங்கைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தவர், நாம் கிளம்பும்வரை எழுந்திருக்கவே இல்லை.

அதற்கெல்லாம் பிறகு வந்ததுதான் நம் கம்ப்யூட்டர் ரேடியோ. சாதாரண செட்டில் முள்ளைத் திருப்பினால் ஒரு நேரத்தில் ஒரு குரல்தான் கேட்கும். இதில் ஒரு சின்னப் போர்டு, வானத்தில் இருப்பதில் ஒரு பெரிய துண்டை அப்படியே அள்ளி, இரண்டு ஒயர் வழியாகக் கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டுக்குள் தள்ளிவிடும். எந்தக் குரல் வேண்டும் என்று பிரித்து எடுப்பது கம்ப்யூட்டரின் கணக்கு. திரையில் அந்தத் துண்டு முழுவதும் பச்சைப் புல் மாதிரி தெரியும். யாராவது பேசினால் அந்த இடத்தில் புல் உயரும். அங்கே மவுஸை வைத்தால் பேச்சு கேட்கும்.

போர்டு நீங்கள் செய்தது. கம்ப்யூட்டர் வேலை என்னுடையது. ஆனால் கிளப்பில் எல்லோரும் அதை 'ரத்தினம் செட்' என்றுதான் சொன்னார்கள். எனக்கு உள்ளுக்குள் கடுப்பு, மச்சான். இதை உங்களிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், ஏனென்றால் நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிளப்பிலிருந்து ஒன்பது பேரை எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டேன். காலை பத்து மணியிலிருந்து அரை மணி நேரம் நீங்கள் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து பேசிக்கொண்டே இருக்க வேண்டும், நான் கிள்ளானில் கம்ப்யூட்டரில் கேட்டுக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. கமலா கறிபாப் பலகாரம் சுட்டாள். நான் கம்ப்யூட்டரை ஹாலுக்கு நகர்த்தி, பழைய ஒயர் அழுக்காக இருக்கிறதென்று புது ஒயர் வாங்கி மாட்டினேன். போர்டில் செருக அதற்கு இரண்டு முனை, ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. வீட்டில் இருந்த ஒரே ஏரியலைப் பழைய செட்டிலிருந்து பிடுங்கிப் புதியதில் கொடுத்தேன். வந்தவர்கள் பெருமையாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம்.

பத்து மணி ஆயிற்று. திரையின் வலது பக்கம் நீங்கள் வரவேண்டிய இடத்தில் புல் அசையவில்லை. இடது பக்கம் எங்கோ ஒரு கொத்து உயர்ந்து உயர்ந்து தாழ்ந்தது. அங்கே மவுஸை வைத்தேன். மனிதப் பேச்சாகவே இல்லை, வாத்து கத்துகிற மாதிரி இருந்தது. கடலில் மீன்பிடிப் படகுக்காரர்கள் நம் அலைவரிசையில் புகுந்து பேசுவதுண்டு அல்லவா? "படகுக்காரன்" என்றேன்.

தட்டோடு வந்த கமலா அப்படியே நின்றாள். "ஏங்க, இது அண்ணன் இருமுற மாதிரி இருக்கே."

"படகுக்காரனுக்கும் இருமல் வரும். நீ போயி டீ எடுத்துட்டு வா."

எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தது எனக்குப் பிடித்திருந்தது.

கால் மணி நேரமாகியும் உங்களைக் காணோம். உங்கள் வீட்டுக்கு போன் அடித்தேன், எடுக்க ஆளில்லை. காதர் பாய் மெல்லச் சொன்னார், "குணா, பழைய செட்ட ஒருக்கா மாட்டிப் பாருங்களேன். ரத்தினம் சொன்னா சொன்ன நேரத்துக்கு வர்ற ஆளு."

"இன்னிக்கு கம்ப்யூட்டரு மட்டும்தான் பாய்" என்றேன். பழைய செட்டை மாட்டினால் புதியது தோற்றதாகிவிடுமே.

மிஸ்டர் லிம் கிளம்பும்போது என் தோளைத் தட்டி, "தாப்பா லா, குணா. நெக்ஸ்ட் டைம்" என்று, பரவாயில்லை என்கிற மாதிரி ஆறுதல் சொன்னார். அந்தத் தட்டலை என்னால் தாங்க முடியவில்லை.

பதினொரு மணிக்கு நீங்களே போன் செய்தீர்கள். குரலில் அப்படி ஓர் உற்சாகம். "மாப்ளே, எப்படிக் கேட்டுச்சு? எல்லாரும் என்ன சொன்னாங்க?"

"நீங்க எங்க மச்சான் வந்தீங்க? ஒம்போது பேரு முன்னால என்னைய முட்டாளாக்கிட்டீங்க. போனும் எடுக்கல."

"பின்னால ரூம்புல ஹெட்ஃபோன் போட்டுட்டு இருந்தேன், அவ கோயிலுக்குப் போயிட்டா. முப்பத்தஞ்சு நிமிசம் பேசுனேன் மாப்ளே, தொண்ட கட்டிருச்சு. ஒயர ஒரு தடவ பாருங்க."

"என் ஒயர்ல ஒண்ணும் இல்ல. பொய் சொல்லாதீங்க."

நீங்கள் "சரி மாப்ளே" என்றீர்கள். போனை வைத்துவிட்டீர்கள். நான் போர்டையும் ஒயரையும் மாட்டியது மாட்டியபடியே பெட்டியில் போட்டு அலமாரி மேல் எறிந்தேன்.

அந்தத் தீபாவளிக்கு நீங்கள் வரவில்லை. அக்காவிடம் முறுக்கு டின் மட்டும் கொடுத்துவிட்டீர்கள். அப்புறம் ஒரு கல்யாணத்தில், மண்டபத்து வாசலில் தூரத்திலிருந்து என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினீர்கள். நான் செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன். செருப்பு என் காலில்தான் இருந்தது. நான் நிமிர்ந்தபோது நீங்கள் இல்லை. அதுதான் நான் உங்களைக் கடைசியாகப் பார்த்தது. மூன்று வாரம் கழித்து ஒரு காலையில், டீ குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார் என்று அக்கா போன் செய்தார். தோள் கொடுத்தேன், எல்லா முறையும் செய்தேன். ஆனால் மனசுக்குள், அன்றைக்கு அவர் வரவில்லைதானே என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டே நின்றேன். எவ்வளவு கேவலம் பாருங்கள்.

போன வாரம் ஏரியலைக் கழற்றி முடித்ததும் அக்கா உங்கள் நோட்டை என்னிடம் கொடுத்தார். யாரோடு, எப்போது, எவ்வளவு நேரம் என்று நீங்கள் பேசியதையெல்லாம் வரிசையாக எழுதிவைத்த ரேடியோ நோட்டு. அந்த ஞாயிறைப் புரட்டினேன். 'பத்து மணி முதல் பத்து முப்பத்தைந்து வரை. மாப்பிள்ளை, கிள்ளான்.' எதிர்ப்பக்கத்தவர் சொன்ன எண்ணை எழுதும் கடைசிக் கட்டம் காலி. அந்த நோட்டு முழுவதும் அந்த ஒரு கட்டம்தான் காலி. ஃபியூஸ் போனதைக்கூட நேரத்தோடு எழுதி வைக்கிற ஆள் நீங்கள். நோட்டில் பொய் எழுதுவீர்களா?

வீட்டுக்கு வந்து பெட்டியை இறக்கினேன். போர்டில் ஒயர் மாட்டும் இரண்டு துளைக்குப் பக்கத்திலும் உங்கள் கையெழுத்து இருந்தது. 'சிவப்பு' என்று எழுதிய துளையில் வெள்ளை இருந்தது. 'வெள்ளை' என்று எழுதியதில் சிவப்பு.

அந்த இரண்டும் இடம் மாறினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடியில் பார்ப்பது போலத் திரையில் வலது இடதாகிவிடும். பேச்சும் உள்வெளியாகத் திரும்பி வாத்துக் கத்தலாகிவிடும். இருமலுக்கு மட்டும் உள்ளும் கிடையாது வெளியும் கிடையாது, அது எப்படித் திரும்பினாலும் இருமல்தான்.

ஒரு நல்லது நடந்திருந்தது, மச்சான். வந்தவர்களுக்குக் காட்டலாமென்று அன்றைக்குக் கால் மணி நேரத்தை டிஸ்க்கில் பதிந்து வைத்திருந்தேன். பதிவானது நான் கேட்ட குரல் மட்டும் இல்லை, அந்தத் துண்டு வானம் முழுவதும். அன்று கேட்காமல் விட்டதை இன்றைக்கும் போய்க் கேட்கலாம். புரோகிராமில் இரண்டு ஒயரையும் இடம் மாற்றச் சொல்லிவிட்டு ஓட்டினேன். வலது பக்கத்தில், நீங்கள் வருவதாகச் சொன்ன இடத்திலேயே புல் உயர்ந்தது.

உங்கள் ரேடியோ அடையாளமான கால்சைனைச் சொல்லி, ஒன்று இரண்டு எண்ணி, முறைப்படி ஆங்கிலத்தில்தான் ஆரம்பித்தீர்கள். பிறகு தமிழுக்கு வந்துவிட்டீர்கள்.

"காதர் பாய், மிஸ்டர் லிம், எல்லாருக்கும் வணக்கம். எல்லாரும் இத ரத்தினம் செட்டு, ரத்தினம் செட்டுன்னு சொல்றீங்க. தப்பு லா. போர்டு மட்டும்தான் நான் செஞ்சேன், அத யாரு வேணும்னாலும் செய்யலாம். கம்ப்யூட்டரப் பேச வெச்சது என் மாப்ளே. இது குணா செட்டு. இன்னியிலருந்து பேர மாத்துங்க." அப்புறம் அந்த இருமல். "மாப்ளே, கேக்குதா? ரிப்போர்ட்டு குடுங்க, எழுதிக்கிறேன்."

ரிப்போர்ட் குடுங்க, எழுதிக்கிறேன் என்று அந்தக் கால் மணி நேரத்தில் நான்கு தடவை கேட்கிறீர்கள். நான்கு தடவையும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கிறீர்கள். பொய் என்று சொன்ன அந்த வார்த்தையை இனி நான் எங்கே போய்த் திரும்ப எடுப்பேன்?

கமலா கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வந்தாள். இருமல் வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னிக்கே சொன்னேன்ல?"

"சொன்ன."

"அண்ணன் பொய் சொல்லாதுன்னும் எனக்குத் தெரியும். சொன்னா, அண்ணனுக்குப் பரிஞ்சுகிட்டு வரேம்பீங்க. அதான் வாய மூடிட்டு இருந்தேன்."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நான் வேலைவிட்டு வந்தபோது, போர்டில் நீங்கள் 'சிவப்பு' என்று எழுதிய துளையைச் சுற்றி நகப்பூச்சு பூசியிருந்தது. "இப்பயாச்சும் கண்ணு தெரியுதா பாருங்க" என்றாள். டீயும் வந்தது.

இப்போது என் வாக்கு. வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு அதே ஒன்பது பேரையும் அதே ஹாலுக்குக் கூப்பிட்டிருக்கிறேன். அக்காவும் வருகிறார். முதலில் அன்று கேட்ட வாத்துச் சத்தத்தையே ஓட்டி, இது படகுக்காரன் இல்லை, என் மச்சான், ஒயரைத் தப்பாக மாட்டியது நான், பொய் சொன்னார் என்று பழி போட்டதும் நான் என்று சொல்லுவேன். பிறகு இடம் மாற்றுவேன். நீங்கள் பேசுவீர்கள். பேரை மாற்றச் சொன்னதை மட்டும் நான் கேட்கப் போவதில்லை. அது ரத்தினம் செட்தான்.

ஒருவர் நோட்டில் இன்னொருவர் எழுதும் வழக்கம் நம்மிடம் கிடையாது. அக்காவிடம் அனுமதி கேட்டேன். உங்கள் பென்சிலையே எடுத்துக் கொடுத்தார். அந்தக் காலிக் கட்டத்தை ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் நிரப்புவேன். நீங்கள் ரொம்ப நாளாகக் காத்திருக்கிறீர்கள், அதனால் உங்களுக்கு மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கேட்டது, மச்சான். ஐந்துக்கு ஐந்து, ஒன்பதுக்கு ஒன்பது. இருமல் உட்பட.

உங்கள் தங்கை வீட்டுக்காரன்,
உங்கள் மாப்பிள்ளை குணா
கிள்ளான்